மஸ்கட் போனால் நான் மாறிவிடுவேனா என்று கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி இதுதான். மண்டபம் பக்கத்துப் பெண், வயது 24, பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாயிற்று, மஸ்கட்டில் வேலை உறுதியாகியிருக்கிறது. "வெளிநாடு போனால் நம்மை நாமே கண்டுபிடிக்கலாம், புது ஆளாகலாம் என்று வீடியோவில் எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவோ நீ மாறிப்போயிடுவே என்று அழுகிறார். உண்மையில் என்னதான் நடக்கும் அக்கா?"

நான் பாம்பன்காரி. அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். மஸ்கட்டில் ஒன்பது வருடம், இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது வளைகுடா நர்சிங் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாறுவீர்கள். ஆனால் எங்கிருந்தோ ஒரு புது ஆள் வந்து உங்களுக்குள் ஏறிக்கொள்வதில்லை. ஊரில் இருக்கும்வரை நம்மைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு ஊரே பதில் சொல்லிவிடுகிறது. யார் மகள், எந்தத் தெரு, எந்தக் கோயில், அக்கா எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள், அப்பா யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்பது வரை எல்லாருக்கும் தெரியும், நாம் வாயே திறக்க வேண்டாம். மஸ்கட்டில் விமானம் இறங்கியதும் இந்தப் பதில்களில் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. நீங்களே சொல்ல வேண்டும். சொல்லப்போகும் நேரத்தில்தான், இதில் எது என்னுடையது, எது ஊர் என் கையில் கொடுத்துவிட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டிவரும். எனக்குத் தெரிந்து, வெளிநாட்டு வாழ்க்கை ஒரு மனிதருக்குச் செய்கிற முக்கியமான காரியம் இது ஒன்றுதான்.

ரொம்பச் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பித்தது. போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், விடுதி அறையில் என்னோடு இருந்த பிலிப்பினோ நர்ஸ் சமைக்கப் போகும்போது, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்பாவுக்கு வலையில் என்ன பாடோ அதுதான் குழம்பு, விற்றது போக மிச்சம். பிடிக்கும், பிடிக்காது என்ற கேள்வியே 23 வயது வரை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவள் சும்மா கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள். நான் அன்றைக்கு இரவுப் பணி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கோயில். ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்துவிட முடியாது, அம்மா விடமாட்டார், பக்கத்து வீட்டுச் சித்தி மத்தியானமே காரணம் கேட்டு வந்துவிடுவார். மஸ்கட்டில் விடுமுறை வெள்ளியும் சனியும், ரூவியில் உள்ள கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளிக்கிழமையே பூசை உண்டு. முதல் மூன்று வாரம் நான் போகவே இல்லை. தூங்கினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காவது வாரம், யாரும் சொல்லாமல், பஸ் எதுவென்று விசாரித்து, நானாகக் கிளம்பிப் போனேன். அன்றைக்குப் பூசையில் நின்றபோதுதான் என்னுடைய விசுவாசம் அம்மாவுடையது மட்டும் இல்லை, என்னுடையதும்தான் என்று தெரிந்தது. இதே சோதனையில் வேறு பதில் வந்தவர்களும் உண்டு, என் கூட இருந்த ஒருத்தி கோயிலை விட்டே விட்டாள், அவளுக்கு அதுதான் உண்மை. எந்தப் பதில் வரும் என்பதை ஊரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. மதுரையில் நர்சிங் படித்த நான்கு வருடமும் நான் மீனவர் மகள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'பிசினஸ்' என்பேன். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கையில் மீன் வாடை இருக்கக்கூடாது என்று எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் எரியும். ஹாஸ்டலில் ஒருத்தி ஒருமுறை என் பையைத் திறந்ததும் மூக்கைப் பிடித்தாள், உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த கருவாடு. அதற்கப்புறம் அம்மாவிடம் கருவாடே வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை, இன்றைக்கும் தெரியாது.

மஸ்கட் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முத்ரா மீன் சந்தைக்குப் போனோம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே போனதும் அந்த வாடை வந்தது பாருங்கள், பாம்பன் கரையில் படகு அடையும் நேரத்து வாடை, நான்கு வருடம் எலுமிச்சை போட்டுத் தேய்த்த அதே வாடை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மேசையில் ஓரா குவிந்து கிடந்தது. நம் ஓராவேதான், முதுகு முள் குத்தினால் கை கடுகடுவென்று வலிக்குமே, அதே மீன். அங்கே அதற்கு 'சாஃபி' என்று பெயர், பக்கத்தில் கிடந்த களவாவுக்கு 'ஹமூர்'. வயதான ஓமானி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை, முள்ளில் படாமல் தலைப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, செவுளை விரலால் நெம்பிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, வயிற்றை அழுத்தி, இது நேற்றைய மீன் என்று கீழே வைத்தேன். அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, கைக்கு அது மறக்கவில்லை. அவர் என்னையே பார்த்துவிட்டு, அரபியும் இந்தியும் கலந்து, உன் அப்பா கடலுக்குப் போகிறவரா என்று கேட்டார். அவர் குரலில் மட்டம் தட்டுவது எதுவும் இல்லை, அவரும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தானாம்.

ஆமாம் என்றேன்.

அந்த ஒரு 'ஆமாம்' சொல்ல நான் பாம்பனிலிருந்து மஸ்கட் வரை போக வேண்டியிருந்தது. அவர் மேசைக்குக் கீழே பெட்டியிலிருந்து அன்றைக்கு வந்த மீனை எடுத்துக் கொடுத்தார். கூட வந்த இரண்டு மலையாளச் சேச்சிகளிடமும் திரும்பி வரும் வழியிலேயே அப்பாவைப் பற்றிச் சொன்னேன், கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளித்தால் படகை வடகடல் பக்கம் கொண்டுபோவது, வாடைக்காற்று வந்ததும் மறுபடி தென்கடலுக்கு மாற்றுவது என்று எல்லாம் சொன்னேன். அவர்கள் ஆச்சரியமாகக் கேட்டார்கள். அந்த வார்டில் அதற்கப்புறம் மீன் வாங்க யார் போனாலும் என்னைக் கூப்பிடாமல் போகமாட்டார்கள்.

இதை ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாயோ ஆடமும் அவருடைய சகாக்களும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் மொத்தம் ஆறு ஆய்வுகள், 1874 பேர். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தான் யார் என்பதில் தெளிவு அதிகம் என்று கண்டார்கள். காரணம் என்ன என்று தோண்டியபோது வந்த பதில், நான் வைத்திருக்கும் மதிப்பீடுகள் உண்மையில் என்னுடையவையா, நான் வளர்ந்த இடத்துடையவையா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான். அப்புறம் இன்னொன்று: எத்தனை நாட்டில் இருந்தோம் என்ற எண்ணிக்கைக்கும் இந்தத் தெளிவுக்கும் சம்பந்தம் இல்லை, எவ்வளவு காலம் இருந்தோம் என்பதற்குத்தான் சம்பந்தம். பத்து நாளில் ஐந்து நாடு சுற்றி வருவதைக் குறை சொல்லவில்லை, கண்ணுக்கு நல்லது, மனசுக்கும் ஓய்வு. ஆனால் சுற்றுலாவில் நம்முடைய பழக்கத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பல் வலிக்கு அங்கே டாக்டர் தேட வேண்டும், மேலதிகாரியோடு மனஸ்தாபம் வர வேண்டும், பண்டிகை நாளில் தனியாக டூட்டி பார்க்க வேண்டும், அப்போதுதான் விஷயம் உள்ளே இறங்கும்.

ஜெர்மனியில் ஆயிரம் மாணவர்களுக்கு மேல் வைத்து 2013-இல் இன்னொரு ஆய்வு வந்தது. வெளிநாடு போய்ப் படித்தவர்களுக்குப் புதிய விஷயங்களை ஏற்கும் மனசு கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. அந்த மாற்றத்துக்குப் பெரும் காரணம் அங்கே கிடைத்த புது உறவுகள்தான் என்று கண்டார்கள். அதனால்தான் உங்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், நம் ஊர்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒரே சாம்பார் வைத்து, ஊர்ச் செய்தியையே பேசிக்கொண்டு பத்து வருடம் ஓட்டிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அது பாதுகாப்பு, ஆறுதல், நோய் நொடி என்றால் ஓடி வருவார்கள், நான் அதை மதிக்கிறேன். ஆனால் பாம்பனை அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் பாம்பன் கொடுத்த பதில்களும் கூடவே வந்துவிடும். ஒரு காலாவது அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எனக்கு மூத்தவர்களிடம் 'முடியாது' என்று சொல்ல வராது. வினைச்சொல்லிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது இல்லையா, 'சொல்லுங்க சார்' என்று ஆரம்பித்தால் பாதி சம்மதம் அங்கேயே கொடுத்தாகிவிடுகிறது. மஸ்கட்டில் ஒரு நாள் டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தவறாகப் பட்டது, இங்கிலீஷில் நேராக, இதை நான் கொடுக்க மாட்டேன், மறுபடி பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார், திருத்தினார், நன்றி சொன்னார். மதுரையில் இதே நிலையில் நான் சீனியர் அக்காவிடம் போய்க் கண்ணைக் கசக்கியிருப்பேன். வேற்று மொழியில் யோசித்து முடிவெடுக்கும்போது உணர்ச்சியின் பிடி கொஞ்சம் தளர்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சொல்கிறது. எனக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தைரியத்தைத் தமிழுக்குக் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் ஆனது. முதல் தடவை தமிழில் 'முடியாது' என்று சொன்னது என் தாய்மாமாவிடம், கல்யாணப் பேச்சில், போனில். சொல்லிவிட்டு வைத்ததும் கை நடுங்கியது, ஆனால் வருத்தம் வரவில்லை.

மூன்றாவது மாதத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதலில் எல்லாம் பளபளப்பாகத் தெரியும். ரோடு, கடை, ஏசி, மலைக்கு நடுவில் வெள்ளை வீடுகள். பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், அந்த நாட்டு ஆட்கள் மேல், சாப்பாட்டின் மேல், கூட இருப்பவள் செருப்பு விடும் விதத்தின் மேல். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-லேயே இந்தப் படிகளை எழுதி வைத்துவிட்டார். உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, நீங்கள் தப்பான முடிவு எடுத்துவிட்டதாகவும் அர்த்தமில்லை. அந்த நேரத்தில் ராஜினாமா எழுதாதீர்கள், கல்யாணத்துக்கும் சம்மதம் சொல்லாதீர்கள். ஆறு மாதம் தாண்டட்டும்.

பணம். முதல் சம்பளம் வீட்டுக்குப் போனதும் உங்கள் குரலுக்கு வீட்டில் எடை கூடும். அப்பா படகு இன்ஜின் பழுதுக்கு என்னைக் கேட்டார், தம்பி படிப்புக்கு என்னைக் கேட்டார்கள், சித்தப்பா கூட நம்ம பொண்ணு என்ன சொல்லுது என்று கேட்க ஆரம்பித்தார். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வருடம் வேலை மாறும் இழுபறியில் பணம் அனுப்ப முடியாமல் போனபோது அந்தக் கேள்விகளும் நின்றுவிட்டன. அந்த மரியாதை பணத்துக்கு வந்தது, எனக்கு வந்தது என்று நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் உடம்பு முடியாமல் போன பிறகும் திரும்பி வர முடியாமல் அங்கேயே கிடக்கிறார்கள்.

நான் வேலை மாறியதே ஒரு கசப்பான கதை. முதல் ஆஸ்பத்திரியில் ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேறு, கையில் வந்தது வேறு, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய முதலாளி தடையில்லாச் சான்று தராமல் இன்னொரு இடத்துக்குப் போவது அப்போது பெரும்பாடு. 2021 ஜனவரியிலிருந்து அந்தச் சான்றுத் தேவையை ஓமான் எடுத்துவிட்டது, உங்களுக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஏஜென்ட் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள், ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கையில் பாஸ்போர்ட் இல்லாமல், சம்பளம் வராமல் இருக்கும் ஒருவரிடம் போய் உன்னை நீ கண்டுபிடி என்று சொல்வது கொடுமை. காலுக்குக் கீழே தரை இருந்தால்தான் தன்னைத் திரும்பிப் பார்க்கத் தெம்பு வரும்.

எங்கள் பாட்டி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊரே போனது. போட் மெயில் ரயில் வந்து நிற்கும், கப்பல் தலைமன்னாருக்குப் போகும், தபாலாபீஸ், கோயில், கடைத்தெரு என்று இருந்த ஊர். பாட்டி பாம்பனுக்கு வந்தார், சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அவர் போன தூரம் நான் மஸ்கட் போனதைவிட அதிகம். நான் போகும்போது திரும்பி வர ஒரு வீடு இருந்தது, அவருக்குத் திரும்பிப் போக ஊரே இல்லை. கடைசிவரை பாம்பனை 'இங்க' என்றும் தனுஷ்கோடியை 'ஊர்ல' என்றும்தான் சொல்வார். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக மண்டபம் முகாமுக்கு வந்தவர்களையும் நீங்கள் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், பள்ளியில் உங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் மாறினார்கள், பலமாகவும் ஆனார்கள், ஆனால் அதை யாராவது பயணம் தந்த பாடம் என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். தானாகக் கிளம்புவதும் துரத்தப்பட்டுக் கிளம்புவதும் ஒன்றில்லை.

மற்றபடி நம் கரைக்காரர்களுக்கு வெளிநாடு கிளம்புவது புதுசு இல்லை. ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பானை ஓட்டில் கப்பல் கீறியிருக்கிறது, ரோமானியக் காசும் கிடைத்திருக்கிறது. கீழக்கரையில் வெளிநாட்டில் இருப்பவரைச் 'சபராளி' என்பார்கள், கிளம்பும் முன் வீடு வீடாகப் போய்ப் 'பயணம் சொல்லிவிட்டு' வருவார்கள். 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் கொடுத்தவர்களில் நம் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியும் ஒருவர். கடல் தாண்டினால் தீட்டு என்று பலர் நம்பிய காலம் அது. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பன் கரையில் இறங்கியபோது வரவேற்றதும் அதே சேதுபதிதான். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அம்மா அழுகிறார் என்றீர்களே. அவரும் மாறுவார், அதை யாரும் சொல்வதில்லை. நான் போகும்வரை என் அம்மா பேங்க் வாசலை மிதித்ததில்லை. பணம் வர ஆரம்பித்ததும் செலான் எழுதப் படித்தார், வீடியோ கால் படித்தார், ராமநாதபுரம் வரை தனியாகப் பஸ் ஏறினார், மகளிர் குழுவில் கணக்கும் பார்க்க ஆரம்பித்தார். நான் ஒன்பது வருடத்தில் மாறியதைவிட அவர் அதிகம் மாறினார் என்றுகூட எனக்குத் தோன்றும்.

திரும்பி வருவது போவதைவிடக் கஷ்டம். முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பா எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். என் வீட்டில் எனக்கு நாற்காலி! தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள். அம்மா நடுத்துண்டை என் தட்டில் வைத்தார், அது எப்போதும் அப்பாவுக்கு உள்ளது. அழுகை வந்தது. இரண்டாவது நாள் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன், நடுத்துண்டை அப்பாவுக்கு மாற்றி வைத்தேன், எனக்கு வால்துண்டுதான் பிடிக்கும் என்றேன். பொய் இல்லை. அந்தப் பிலிப்பினோப் பெண் கேட்ட கேள்விக்கு அதற்குள் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

சரி, நீங்கள் கிளம்புங்கள். போனதும் முதலில் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமே முத்ரா சந்தைக்குப் போங்கள், நேரமானால் நல்ல மீன் தீர்ந்துவிடும். ஓரா வேண்டுமென்றால் சாஃபி என்று கேளுங்கள். முள்ளில் கை படாமல் தூக்கி, செவுளைப் பார்த்து வாங்குங்கள். அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் புளியும் மிளகாய்த்தூளும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைக்கும், ஆனால் நம் வீட்டுத் தூள் மாதிரி வராது.